மொக்கு வகுப்புக்குப் போன கலியாண வீடியோக்காரன்

கலியாணத்திலை அழுத ஆக்களை வெட்டி எறிஞ்சுபோட்டு, சிரிச்ச ஆக்களை மட்டும் ஒட்டிக் குடுக்கிறதுதான் என்ரை தொழில். சிரியாதேங்கோ. உங்கடை கலியாண வீடியோவையும் என்னைப்போலை ஒருத்தன்தான் வெட்டியிருப்பான். அதாலைதான் நீங்கள் ரெண்டுபேரும் இன்னும் அதைப் போட்டுப் பாத்துச் சந்தோசமாய் இருக்கிறியள்.

இதை வாசிக்கிற உங்களிலை முக்கால்வாசிப்பேர் வகுப்பிலை கடைசி வாங்கிலை இருந்த ஆக்கள் எண்டு எனக்குத் தெரியும். கையைத் தூக்க வேண்டாம், முகத்திலையே எழுதியிருக்கு. "எழும்பி வாசி" எண்டு வாத்தியார் சொன்னவுடனை சப்பாத்து நாடா கட்டக் குனிஞ்ச ஆக்கள் நீங்கள். செருப்போடை போன நாளிலையும் குனிஞ்சனீங்கள். மிச்சக் கால்வாசிப்பேர் வாத்திமார், ரீச்சர்மார். குனிஞ்ச முதுகுகளைப் பாத்துப் பாடம் நடத்தின ஆக்கள். ரெண்டு பகுதியும் கஸ்ரப்பட்ட பகுதிதான், அதாலை உங்களுக்கு முன்னாலை எனக்கு வெக்கமில்லை. நானும் பதினொராம் ஆண்டு ஓ.எல் சோதினைக்கு முதலே பள்ளிக்கூட மதிலாலை பாய்ஞ்சவன். பாய்ஞ்சு, திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்திலை ஒரு ஸ்ரூடியோவுக்குள்ளை விழுந்து, அங்கை வீடியோ வெட்டப் பழகி, போன வருசம் திரும்பவும் ஒரு பள்ளிக்கூடத்துக்குள்ளை போனன். இந்தமுறை கேற்றாலை.

அழுத மாமி

சுகந்தி ரீச்சர் கோப்பாயிலை ஒரு பள்ளிக்கூடத்திலை தமிழ் படிப்பிக்கிறவா. அவான்ரை தங்கச்சியின்ரை கலியாண வீடியோ நான் வெட்டினது. ஒருநாள் அந்த வீடியோ கிடந்த பென்ட்ரைவைக் கையிலை பிடிச்சுக்கொண்டு ஸ்ரூடியோவுக்கு வந்து நிண்டா. "தம்பி, எங்கடை மாமி விடியத் துவங்கிப் பின்னேரம் மட்டும் மணவறையடியிலை நிண்டவா. உம்மடை வீடியோவிலை ஒரு இடத்திலையும் காணேல்லை. மாமி இப்ப எங்களோடை கதையில்லை."

"ரீச்சர், மாமி நிண்ட நேரம் முழுக்க அழுதுகொண்டு நிண்டவா. நானும் தேடித் தேடிப் பாத்தனான். சாப்பிடேக்கை மட்டும்தான் அழேல்லை. அது பாக்க வடிவில்லை" எண்டன். ரீச்சர் கோவிக்கப் போறா எண்டு நினைச்சன். மனுசி கதிரையை இழுத்துப் போட்டு எனக்குப் பக்கத்திலை இருந்து, நான் வேறை ஒரு கலியாணத்தை வெட்டுறதைப் பாத்துக்கொண்டு இருந்தவா. பேந்து மெல்லமாய் விசயத்துக்கு வந்தவா. பத்தாம் ஆண்டிலை பதினொரு பிள்ளையள் வாசிப்பிலை தடக்குப்பட்டு நிக்கினமாம். அதுகளைக் கைப்போனாலை சின்னச் சின்னக் கதைப்படம் எடுக்கவைச்சு, முதல் வாயாலை கதை சொல்லவைச்சு, சொன்னதை எழுதவைச்சு, எழுதினதைத் தங்கடை குரலிலையே வாசிச்சுப் படத்துக்குப் போடவைக்கோணுமாம். அதிபர் கடைசிப் பாடவேளையை அதுக்கெண்டு விட்டுத் தந்திருக்கிறாராம். வெட்டி ஒட்டத் தெரிஞ்ச ஆள்தான் இல்லையாம். சம்பளம் கிடையாது, ரீயும் வடையும் உண்டு.

"ரீச்சர், நான் ஓ.எல்லே எடுக்கேல்லை" எண்டன். என்னை மேலையும் கீழையும் பாத்துப்போட்டு ரீச்சர் சொன்னவா: "கலியாணத்திலை இல்லாத சிரிப்பையே வரப்பண்ணுறீர். வகுப்பிலை இல்லாத வாசிப்பை வரப்பண்ண மாட்டீரோ?"

மீசை உருகின விதம்

முதல் நாள் வகுப்புக்குள்ளை கால் வைக்கேக்கை ஒரு பொடியன் எழும்பி வரவேற்புரை நிகழ்த்தினான். பேர் கஜன். வாய் மட்டும் பல்கலைக்கழகத்திலை படிக்குது, மிச்ச ஆள் பத்தாம் ஆண்டு. "வாங்கோ வீடியோ அண்ணை. இதுதான் மொக்கு வகுப்பு, ஒரு எழுத்தும் ஏறாத ஆக்கள். நீங்கள் எந்தப் பாடத்திலை பெயில்?" நான் அதைக் கேக்காத மாதிரி புரொஜெக்டரின்ரை வயரைத் தேடினன். வயர் கையிலைதான் இருந்தது.

படத்தாலை எப்பிடிக் கதை சொல்லுறது எண்டு காட்ட, கொண்டுபோன கலியாண வீடியோவிலை பொன்னுருக்கல் துண்டைப் போட்டன். தாலிக்குப் பொன் உருக்கிறதை நீங்கள் எல்லாரும் பாத்திருப்பியள். நல்ல நேரம் பாத்து, ஆக்கள் சுத்திவர நிக்க, ஆசாரியார் நெருப்பை ஊதிப் பொன்னை உருக்குவார். அந்த நல்ல நேரத்திலை எங்கடை கமராக்காரன் குசினிப்பக்கம் மோதகம் சாப்பிடப் போயிட்டான். எங்கடை தொழிலிலை அதுக்கு மருந்து இருக்கு. அளவெட்டியிலை எடுத்த வேறை ஒரு கலியாணத்தின்ரை நெருப்பையும் பொன்னையும் கொண்டந்து இதுக்குள்ளை சொருகிவிட்டனான். கலியாண வீட்டுக்காரர் ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்லை. கனடாவிலை இருந்து ஐஞ்சாறு தரம் பாத்த சொந்தக்காரரும் கண்டுபிடிக்கேல்லை.

கஜன் ஒருக்கால்தான் பாத்தான். "அண்ணை, நிப்பாட்டுங்கோ. பொன் உருக்கத் துவங்கேக்கை ஆசாரியாருக்கு மீசை இல்லை. உருகேக்கை மீசை இருக்கு. உருகி முடிய திரும்ப மீசை இல்லை. பொன்னோடை சேத்து மீசையையும் உருக்கிப்போட்டாரோ?" வகுப்பே விழுந்து விழுந்து சிரிச்சுது. ஒரு வரி வாசிக்கத் தடுமாறுதுகள் எண்டு ரீச்சர் எனக்குச் சொன்ன பிள்ளையள்! நானும் சேந்து சிரிச்சுப்போட்டுத் திரும்பிப் பாத்தன். பின்சுவரோடை சாய்ஞ்சு நிண்ட சுகந்தி ரீச்சர் சிரிக்கேல்லை. அப்பதான் எனக்கு ஞாபகம் வந்தது, நான் போட்டது ஆற்றை வீட்டுக் கலியாணம் எண்டு. ரீச்சர் வலு அமைதியாய்க் கேட்டவா: "அப்ப தம்பி, என்ரை தங்கச்சியின்ரை கழுத்திலை கிடக்கிறது ஆர் வீட்டுப் பொன்?"

பெரிய பார்சல்

வகுப்பிலை யன்னல் பக்கம் ஒரு பிள்ளை இருக்கும், யதுசிகா. சிரிக்கிற நேரம் சிரிக்கும், மிச்ச நேரம் கதிரையிலை ஆள் இருக்கிறதே தெரியாது. அவளின்ரை விசயத்தை ரீச்சர் எனக்கு முதல் கிழமையே சொல்லிப்போட்டா. தாய் சந்தைக்குக் கிட்ட ஒரு கடையிலை கலியாண பிளவுஸ் தைக்கிறவா. வலு கெட்டிக்காரி. மகளுக்கு எழுத்து வராது எண்டு முடிவுகட்டி, பள்ளிக்கூடத்தாலை மறிச்சுத் தன்னோடை தையலுக்குக் கூட்டிக்கொண்டு போக நிக்கிறா. ரீச்சர் கெஞ்சிக் கேட்டதிலை ஒரு தவணை, மூண்டு மாசம்தான் விட்டுத் தந்தவா. தவணை முடிவிலை யது தாயின்ரை காதுபட ஒரு பக்கம் வாசிச்சுக் காட்டோணும். காட்டினால் ஓ.எல். இல்லாட்டி மிசின்.

யதுவுக்கு முன்னாலை போனை வைச்சு, "வாசிக்க வேண்டாம், எழுத வேண்டாம். உனக்கு ஆரிலையோ கோவம் வந்த ஒரு நாளைச் சொல்லு" எண்டன். கனநேரம் யன்னலைப் பாத்தாள். பிறகு தண்ணி திறந்துவிட்ட மாதிரி வந்துது. தாய் ஒரே முகூர்த்தத்துக்கு ரெண்டு கலியாணப் பொம்பிளையளுக்கு பிளவுஸ் தைச்சிருக்கிறா. ஒண்டு கோப்பாயிலை, ஒண்டு உரும்பிராயிலை. உரும்பிராய்ப் பொம்பிளை மெலிஞ்ச முருங்கைக்காய், கோப்பாய்ப் பொம்பிளை நல்ல வாட்டசாட்டம். பார்சல் ரெண்டிலையும் பேரை எழுதி, குடுத்திட்டு வா எண்டு இவளைச் சைக்கிளிலை அனுப்பியிருக்கிறா. இவளுக்குப் பேரை வாசிக்கேலாது. வாசிக்கேலாது எண்டது தாய்க்கு அப்ப தெரியாது, இவளாலை சொல்லவும் ஏலாது. றோட்டோரம் சைக்கிளை நிப்பாட்டி, பார்சல் ரெண்டையும் கையிலை தூக்கிப் பாத்து, ஒரு முடிவெடுத்துக் குடுத்திருக்கிறாள். முருங்கைக்காய்க்கு முகூர்த்தக் கூறைச் சேலைக்கு ஒண்டு, பின்னேரச் சேலைக்கு ஒண்டு எண்டு ரெண்டு பிளவுஸ், அதாலை அந்தப் பார்சல்தான் பெரிசு எண்டது இவளுக்குத் தெரியாது. கலியாணத்தண்டு விடியக் காலமை ரெண்டு வீட்டிலையும் கூக்குரல். ரெண்டு வீட்டுக்கும் நடுவிலை சைக்கிளிலை பறந்து மாத்திக் குடுக்கிறதுக்கிடையிலை வாட்டசாட்டம் முருங்கைக்காயின்ரை பிளவுஸுக்குள்ளை ஒரு கையை நுழைச்சு, வலதுபக்கக் கமக்கட்டுத் தையல் கிழிஞ்சுபோச்சு.

எனக்கு மண்டைக்குள்ளை மணி அடிச்சுது. அந்த உரும்பிராய்க் கலியாணமும் நான் வெட்டினதுதான்! பொம்பிளை மாலை போடேக்கை ஏன் வலதுகையைத் தூக்கேல்லை எண்டு ஸ்ரூடியோவிலை நாங்கள் எல்லாரும் மண்டையைப் போட்டு உடைச்சனாங்கள். வெக்கமாக்கும் எண்டு நினைச்சு நான் அதை ஸ்லோமோசனிலை வேறை போட்டு விட்டனான். இதைச் சொன்னவுடனை யது முதல் தரமாய் என்னை நேரை பாத்தாள். "பெரிய பார்சல் பெரிய பொம்பிளைக்கு எண்டு நினைச்சன். நீங்கள் எண்டால் வேறை என்ன நினைச்சிருப்பியள் அண்ணை?"

சட்டை போடாத நடிகர்

ஒருநாள் கஜன்ரை தேப்பன் வகுப்பு வாசலிலை வந்து நிண்டார். தோட்டக்காரர், கையிலை வெங்காய மண் காயேல்லை, மூஞ்சியிலை கோவமும் காயேல்லை. "ஆர் இதிலை வீடியோ வாத்தி? போனைத் தொடாதை எண்டு நாங்கள் வீட்டிலை கத்துறம். நீங்கள் போனைக் கொண்டுபோய்ப் படம் எடு எண்டு வீட்டுவேலை குடுக்கிறியள். உவன் காலமையிலை இருந்து எனக்குப் பின்னாலை போனைப் பிடிச்சுக்கொண்டு திரியிறான். ஒரு மனுசன் நிம்மதியாய் மருந்தடிக்க ஏலாமல் கிடக்கு!"

நான் வாய் திறக்கமுதல் ரீச்சர் கஜன்ரை படத்தை லப்டொப்பிலை போட்டுக் காட்டினவா. தேப்பன் முதுகிலை மருந்துத் தாங்கியைக் கட்டிக்கொண்டு வெங்காயப் பாத்திக்கு நடுவாலை நடக்கிறார். பின்னாலை கஜன்ரை குரல், தட்டித் தடவித் தட்டித் தடவி வருது. "எங்கடை... அப்பா... வெங்காயத்துக்கு... வருத்தம் எண்டால்... ஓடி ஓடி மருந்து அடிப்பார்... எனக்கு வருத்தம் எண்டால்... மல்லித்தண்ணி குடி எண்டுவார்." மனுசன் கண்வெட்டாமல் பாத்தார். படம் முடிய, "இது எழுதினது உவனோ?" எண்டு கேட்டார். "எழுதினதும் அவன்தான், வாசிச்சதும் அவன்தான்" எண்டு ரீச்சர் சொன்னவா. "திரும்பப் போடுங்கோ." போட்டம். இன்னொருக்கால் போடச் சொன்னார். போட்டம். சண்டை பிடிக்க வந்த மனுசன் போகேக்கை என்னைத் தனிய வாசலுக்குக் கூப்பிட்டார். நான் ஒரு அடி தள்ளித்தான் நிண்டனான். அவர் குரலைத் தணிச்சுச் சொன்னார்: "தம்பி, உதிலை நான் சட்டை போடேல்லை. இது மற்ற ஆக்களுக்கும் காட்டுவியளாம். நாளைக்கு நல்ல சட்டை ஒண்டு போட்டுக்கொண்டு மருந்தடிக்கிறன், திரும்ப எடுப்பமோ?"

பாண்காரன்ரை பின்னணி இசை

படம் எடுக்கிறது பெரிய பாடில்லை. குரல் பதியிறதுதான் கண்டம். பள்ளிக்கூடத்திலை சத்தமில்லாத இடம் தேடித் தேடி, கடைசியாய் விளையாட்டுச் சாமான் அறைக்குள்ளை பாய்ச்சல் மெத்தையளைச் சுவரோடை நிப்பாட்டி ஒரு கூடு கட்டினம். உள்ளை போனால் ஆள் அவியும். அவிஞ்சாலும் பரவாயில்லை எண்டு பதியத் துவங்க, சரியாய் அந்த நேரம் பாணும் பணிசும் விக்கிற ஓட்டோ அதின்ரை பாட்டைப் போட்டுக்கொண்டு மதில்கரையாலை போகும். கஜன்ரை வெங்காயப் படத்திலை ஒரு இடத்திலை தேப்பன் மருந்தடிக்க, பின்னாலை பாண் விக்கிறது கேக்கும். அதை நான் எடுக்கேல்லை. நல்லாய்ப் பொருந்தியிருந்தது.

யதுவின்ரை கதையை அவள் சொன்ன மாதிரியே, ஒரு சொல்லும் மாத்தாமல் ரீச்சர் கரும்பலகையிலை எழுதி, யது பாத்து எழுதி, பக்கம் ஒண்டு வந்துது. புத்தகத்தைக் கண்டால் குனியிற பிள்ளை, தன்ரை சொல்லுகளைக் கண்டவுடனை குனியேல்லை. ஆனால் வாசிக்கிறது எண்டால் ஒரு சொல்லைப் பாப்பாள், நிப்பாள், சொண்டு அசையும், யோசிப்பாள், பிறகுதான் சொல் வரும். வந்தால் பிழையில்லாமல் வரும். அடுத்த சொல்லுக்குத் திரும்ப நிப்பாள். தவணையோ முடிஞ்சுகொண்டு வருது. எனக்கு அந்தரம் பிடிச்சிட்டுது. மெத்தைக்கூட்டுக்குள்ளை தலையை விட்டு, "யது, உன்ரை கதைதானே? பேசாமல் பாடமாக்கிப்போட்டுக் கடகடவெண்டு சொல்லன்" எண்டன். வேர்வையைத் துடைச்சுப்போட்டு அவள் சொன்னாள்: "உது ஏமாத்து அண்ணை. அம்மா வாசிச்சுத்தான் காட்டச் சொன்னவா."

என்ரை கைவேலை

இப்ப நான் செய்ததைச் சொல்லுறன். கலியாண வீட்டிலை பெரிய மனுசர் வாழ்த்துரை நிகழ்த்துவினம், தெரியும்தானே. ஒரு வசனத்துக்கும் மற்ற வசனத்துக்கும் இடையிலை ஒரு ரீ குடிச்சிட்டு வரலாம். அந்த இடைவெளியள் எல்லாத்தையும் வெட்டி நெருக்கி ஒட்டினால் எந்த மனுசனும் பேச்சாளன்தான். எனக்குக் கைவந்த வேலை அது.

யதுவின்ரை குரலை ஸ்ரூடியோவுக்குக் கொண்டுவந்து, அவள் நிண்ட இடம், மூச்சு விட்ட இடம், சொண்டு அசைச்ச இடம் எல்லாத்தையும் வெட்டினன். மிச்சத்தை நெருக்கி ஒட்டினன். ஒட்டின இடம் ஒண்டும் தெரியாமல் மேலாலை மெல்லிசா ஒரு நாதஸ்வரத்தையும் ஓடவிட்டன். அரைவாசி நேரம் மிச்சம். அவள் சொல்லாத ஒரு சொல்லும் அதிலை இல்லை, எல்லாம் அவள் வாசிச்சதுதான், அப்ப இது எப்பிடி ஏமாத்து எண்டு எனக்கு நானே ஒரு வழக்கும் பேசித் தீர்ப்பும் சொல்லிப்போட்டன். ஓ.எல் எடுக்காதவனுக்கு இதெல்லாம் லேசாய் வரும். எங்கடை ஸ்ரூடியோ முதலாளி அண்ணை அந்தப் பக்கம் வந்தவர், கொஞ்சநேரம் நிண்டு கேட்டுப்போட்டு முதுகிலை தட்டினார்: "நல்ல குரலடா. எந்த றேடியோவிலை இருந்து பிடிச்சனி?"

உது நான் இல்லை

தவணைக் கடைசிக் கிழமை, ஒரு பின்னேரம், மண்டபத்திலை படக்காட்சி. தாய் தேப்பன்மார், அதிபர், மற்ற வகுப்புப் பிள்ளையள் எல்லாரும் வந்திருந்தவை. கஜன்ரை தேப்பன் முன்வரிசையிலை, படத்திலை போட்ட அதே சட்டையோடை. யதுவின்ரை தாய் கடையிலை இருந்து நேரை வந்தவா, தோளிலை அளவு நாடா தொங்கினபடி. நான் புரொஜெக்டருக்குப் பக்கத்திலை, மாப்பிளைத் தோழன் மாதிரி பல்லைக் காட்டிக்கொண்டு நிண்டன்.

யதுவின்ரை படம் ஓடிச்சுது. சைக்கிள் சில்லு சுத்துது, ரெண்டு பார்சல், தாய் மிசினிலை குனிஞ்சு தைக்கிற கை. மேலாலை யதுவின்ரை குரல் தண்ணி மாதிரி ஓடுது. "பெரிய பார்சல் பெரிய பொம்பிளைக்கு எண்டு நினைச்சன்" எண்ட இடம் வந்தது. நான் சிரிப்புக்குக் காத்துக்கொண்டு நிண்டன். ஒருத்தரும் சிரிக்கேல்லை. நிப்பாட்டாமல் போன பஸ் மாதிரி அந்த வசனம் எல்லாரையும் தாண்டிப் போயிட்டுது. ஆனால் தாய் அழுதா. படம் முடிய எழும்பி, "ரீச்சர், என்ரை பிள்ளை செய்தி வாசிக்கிற மாதிரியெல்லோ வாசிக்கிறாள்!" எண்டா. சுகந்தி ரீச்சர் தாயைப் பாக்கேல்லை, என்னைத்தான் பாத்தவா. தவணை முழுக்க யதுவின்ரை வாசிப்புக்குப் பக்கத்திலை இருந்த மனுசிக்குத் தெரியாமல் இருக்குமோ? நான் கண்ணாலை கெஞ்சினன். வெண்டிட்டம் ரீச்சர், பேசாமல் இருங்கோ, பிள்ளை மிசினுக்குப் போகாது, அவ்வளவும்தானே வேணும்!

ரீச்சர் பேசாமல்தான் இருந்தவா. யது எழும்பினாள். குனியேல்லை. "அம்மா, உது நான் இல்லை" எண்டாள். தாய்க்கு முகம் மாறிச்சுது. "குரல் என்ரைதான். ஆனால் நான் யோசிச்ச இடத்தையெல்லாம் வீடியோ அண்ணை வெட்டிப்போட்டார்."

நடந்த வாசிப்பு

பேந்து அவள் முன்னுக்கு வந்து, அந்தப் பக்கத்தை ரெண்டு கையாலையும் பிடிச்சுக்கொண்டு நிண்டு, என்னைப் பாத்து, "சத்தத்தை நிப்பாட்டிப்போட்டுப் படத்தை மட்டும் விடுங்கோ" எண்டாள். விட்டன். அவள் முதல் வரி முடிக்கிறதுக்குள்ளை என்ரை படம் மூண்டாவது இடத்துக்கு ஓடிட்டுது. அதுக்குப் பிறகுதான் எனக்குப் புத்தி வந்து, ஒவ்வொரு படத்திலையும் விரலாலை நிப்பாட்டி நிப்பாட்டி, அவள் வாசிச்சு முடிய அடுத்ததுக்குப் போனன். ஒரு சொல். நிப்பு. ஒரு சொல். பின்னுக்கு இருந்து ஒண்டு ரெண்டு பிள்ளையள் நக்கலாய் இருமிச்சுதுகள். கஜன் திரும்பி ஒரு பார்வை பாத்தான், இருமல் சுகமாய்ப் போச்சு.

"பார்சல் ரெண்டையும்... கையிலை... தூக்கிப் பாத்தன்" எண்டு வாசிச்சு, நிண்டாள். மண்டபம் முழுக்க அவளோடை சேந்து ரெண்டு பார்சலையும் கையிலை தூக்கிப் பாக்குது. "பெரிய பார்சல்..." திரும்ப நிண்டாள். கஜன்ரை தேப்பன் கதிரை நுனிக்கு வந்திட்டார். "பெரிய பொம்பிளைக்கு எண்டு... நினைச்சன்." மண்டபம் வெடிச்சுது. அதிபர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். தாயும் சிரிச்சா. சிரிச்சு முடிச்சுப்போட்டு, "அடியே, இதை ஏன் அண்டைக்கு எனக்குச் சொல்லேல்லை?" எண்டு கேட்டா. "சொல்லத் துவங்கினனான். நீங்கள் பொறுக்கேல்லை அம்மா" எண்டாள் யது. கோவமாய் இல்லை, நடந்ததைச் சொன்ன மாதிரி.

பிறகும் அரைப் பக்கம் கிடந்துது. முழுக்க வாசிச்சாள். பாண் ஓட்டோகூட அண்டைக்கு வரேல்லை, வந்திருந்தாலும் ஒருத்தருக்கும் கேட்டிராது. முடிய, தாய் தோளிலை கிடந்த அளவு நாடாவை எடுத்துச் சுருட்டிச் சுருட்டிக் கைப்பைக்குள்ளை வைச்சா. ரீச்சருக்கு முன்னாலை வந்து நிண்டா. கையாடிப் பிடிபட்டவன் மாதிரி வயரைச் சுருட்டிக்கொண்டே காதை அந்தப் பக்கம் விட்டன். "மெல்லமாய்த்தான் வாசிக்கிறாள் ரீச்சர். ஆனால் ஒரு தையலும் விடேல்லை. அவள் இங்கையே இருக்கட்டும்."

ஒட்டு வேலை

அடுத்த கிழமை நான் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு திரும்பப் போனன். யது பக்கத்திலை ஒரு கதிரையைப் போட்டு இருந்தாள், ஸ்ரூடியோவிலை சுகந்தி ரீச்சர் இருந்த மாதிரி. வெட்டினதை ஒவ்வொண்டாய்த் திருப்பி ஒட்டினன். "இதிலை இன்னும் கொஞ்சம் நிண்டனான் அண்ணை." ஒட்டினன். "இதிலை மூச்சு விட்டனான்." ஒட்டினன். நாதஸ்வரத்தை எடுக்கச் சொன்னாள், அது தன்ரை கதை, கலியாணம் இல்லையாம். எடுத்தன். கஜன் பின்னாலை நிண்டு பாத்துப்போட்டு, "அண்ணை, இப்ப படம் நீண்டுபோச்சு, ஆனால் இப்பதான் விளங்குது" எண்டான். எனக்குக் கோவம் வந்து, "அப்ப நீ வந்து வெட்டன்" எண்டன். அடுத்த சனிக்கிழமை உண்மையாய் வந்து நிக்கிறான். இப்ப எங்கடை ஸ்ரூடியோவிலை மீசை பாக்கிற வேலை அவனுக்கு.

அந்தச் சூட்டோடை ரீச்சரின்ரை தங்கச்சியின்ரை கலியாணத்தையும் திரும்பத் திறந்து, மாமியை அவா நிண்ட இடமெல்லாம் திருப்பி ஒட்டிக் குடுத்தன். அழுதுகொண்டுதான் நிக்கிறா. வடிவாய்த்தான் இருக்கிறா. மீசைக்கார ஆசாரியாரை மட்டும் விட்டிட்டன், அவரை எடுத்தால் அந்த வீட்டிலை பொன் உருகினதுக்கே சாட்சி இல்லாமல் போயிடும். வீடியோ கிடைச்ச அண்டைக்கு மாமி ரீச்சருக்குப் போன் எடுத்தவாவாம். எத்தினை மாசத்துக்குப் பிறகு! மாமி சொன்னதை ரீச்சர் எனக்கு அப்பிடியே சொல்லிக் காட்டினவா: "ஒருமாதிரி என்னையும் கலியாணத்துக்குக் கூப்பிட்டிட்டியள்."

உள்ளதைச் சொன்னால், அந்த மொக்கு வகுப்பிலை நான் படிப்பிச்சது ஒரு மண்ணும் இல்லை, ஒரு பிள்ளை யோசிச்ச இடத்தையெல்லாம் வெட்டினதும் நான்தான், அவள் பக்கத்திலை இருந்து சொல்லச் சொல்லத் திருப்பி ஒட்டினதும் நான்தான், அதுக்குத்தான் ஒரு தவணை முழுக்க எனக்கு ரீயும் வடையும் தந்தவை.